அம்மா கழற்றிய வெள்ளி அரைஞாண்கொடி

வல்லத்திராக்கோட்டையில் பிறந்து, அந்த மண்ணிலேயே கடலை போட்டு எங்களை ஆளாக்கிய அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களிடம் மூத்த மகளாகிய நான் இந்த நினைவு மலரில் ஒன்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் இருந்த சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டில் அப்பா சொந்தக் கிணறு வெட்டினார். பாறை குறுக்கிட்டது, விட்டாரா? தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். முன்கோபி. ஆனாலும் வேலைக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

நோய் சிறுநீர் அடைப்பில் தொடங்கியது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார் டாக்டர். எலும்புக்குப் பரவாதிருந்தால் ஆபரேஷன் செய்யலாம், பரவியிருந்தால் வலியைத்தான் குறைக்க முடியும், எக்ஸ்ரே பார்த்தால் தெரியும் என்றார்.

எக்ஸ்ரே அறையில் இடுப்பு வெள்ளிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். உயிர் போன பிறகுதானே நம்மில் அதை எடுப்பார்கள்? அப்பா மறுத்துவிட்டார். அப்படியே எடுத்த படத்தில் கொடியும் தாயத்தும் வெள்ளையாக விழுந்திருந்தன. பக்கத்தில் இடுப்பெலும்பிலும் வெள்ளைத் திட்டுகள். கொடி மறைப்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எல்லாமே வெள்ளியின் நிழல்தான் என்று நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

இரண்டாம் முறை அப்பாவே கழற்றச் சொன்னார். இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாதென்று அம்மா முதலில் ஒரு நூல்கயிற்றைக் கட்டிவிட்டார். கொடியின் திருகில் கை வைத்தவர் கையை எடுத்துவிட்டார்.

"பாவத்த எந்தலையில போடுறீங்களே" என்றார்.

"கழட்டுங்கிறேன்ல. வெள்ளியிலயா இருக்கு உசுரு?" என்றார் அப்பா.

படம் கழுவி வரும்வரை வராந்தாவில் நின்றோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். கொடி இல்லை. திட்டுகள் இருந்தன, முதுகெலும்பிலும். பரவிவிட்டது என்றார். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "கடலை பறிக்கிறவரைக்கும் நடமாட்டம் இருக்குமாங்க?"

இருந்தது. பறித்து முடித்தபின் படுத்தவர் எழவில்லை.

வைத்தியம் செய்த டாக்டருக்கும், வண்டி கட்டி வந்தவர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆனால் கொடியைக் கழற்றியதால்தான் புருஷன் போனார் என்று அம்மாவின் காதுபடப் பேசியவர்களும் நம் சனம்தான். அவர்கள் வீட்டுக்கும் இந்த மலர் வரும், நன்றாகப் படிக்கட்டும். அம்மா அந்தப் பேச்சை நம்பி, அப்பா படத்துக்கு எதிரில் உட்காரவே கூசுகிறார். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்கிறார்.

ஆகவே நீங்கள் போய் அம்மாவிடம் சொல்லுங்கள். முதல் படத்திலேயே அந்தத் திட்டுகள் இருந்தன. அன்றைக்கு வெள்ளிக்கொடி அப்பாவின் இடுப்பில்தான் கிடந்தது.