பெயர் மாற்றப்பட்ட இடியப்ப அக்கா

கொட்டாஞ்சேனை இடியப்ப அக்காவுக்குக் காசநோயாம். இடியப்பத் தட்டுக்கு மேலேயே இருமுகிறாவாம். வெள்ளவத்தை வரைக்கும் கதை வந்துவிட்டது. சரி, பார்த்துவிடுவோம் என்று பஸ் ஏறினேன்.

ஜம்பட்டா வீதி ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் ரிம்ஸானிடம் அக்காவின் பெயரைக் கேட்டேன்.

"பேரா? இடியப்ப அக்காதான் பேர். இருவது வருஷமா அவகிட்டதான் எடுக்கிற..." பேச்சைத் திருத்திக்கொண்டார். "எடுத்த."

அக்காவிடமே கேட்டேன். பெயர் குப்பாயி. தலவாக்கலைப் பக்கத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த கணவர் இப்போது இல்லை. காசநோய் வந்தது உண்மைதான். அது பழைய கதை. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் விழுங்கி, முழுக்கச் சுகமாகி, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தார்.

போன வருடம் ஹரிசன் என்ற ஆராய்ச்சிக்காரர் வந்தார். சுகமானவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சி.

"பேர் வெளியில வராது அன்ரி, சத்தியமா."

குப்பாயி நம்பி எல்லாம் கதைத்தார். போகும்போது எவர்சில்வர் டப்பாவில் சம்பலும் கட்டிக் கொடுத்தார்.

அறிக்கை வந்தது. பத்திரிகை ஒன்று அதில் கொஞ்சம் எடுத்துப் போட்டது. மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டது. 'ஜம்பட்டா வீதி ஒழுங்கையொன்றில் இடியப்பம் விற்கும் கைம்பெண் மாலா. பெயர் மாற்றப்பட்டுள்ளது.'

ஹரிசன் சொல் தவறவில்லை. ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாதது குப்பாயி என்ற பெயர் ஒன்றுதான். அதை மட்டும் பத்திரமாக மறைத்துவிட்டார்.

குப்பாயி ஹரிசனுக்குப் போன் எடுத்தார்.

"அன்ரி, உங்கட பேரை நாங்கள் போடேல்லையே!"

"குப்பாயின்னே போட்டிருக்கலாமே தம்பி! யாருன்னு ஒரு நாய்க்கும் தெரிஞ்சிருக்காது."

ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவிடம் கேட்டுச் சொல்வதாக ஹரிசன் சொன்னாராம். அதன்பிறகு அவர் போனைத் தூக்குவதில்லை.

நான் போனபோது இடியப்ப உரல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கடையும் எடுப்பதில்லை. வெளியே ஓட்டோக்காரர் ஒருவர், "மாலா அக்கோவ், இருமல் எப்பிடி?" என்று கத்திக்கொண்டு போனார். குப்பாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்களும் எழுதத்தானே வந்தீங்க?" என்றார் என்னிடம். "எழுதுங்க. பேர அப்பிடியே போடுங்க. மத்ததையெல்லாம் மாத்திருங்க."

மாற்றிவிட்டேன். வீதி அதுவல்ல, நோய் அதுவல்ல, விற்றது இடியப்பமும் அல்ல. ஹரிசனின் பெயரும் மாற்றப்பட்டுள்ளது. அவருக்கும் அந்தரங்கம் இருக்கிறதல்லவா?

குப்பாயியின் பெயரைத் தவிர மாற்றாதது டப்பா ஒன்றுதான். புறப்படும்போது குப்பாயி கேட்டதும் அதைத்தான்.

"அந்தத் தம்பிய எங்கயாச்சும் கண்டா, அந்த டப்பாவையாவது கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க."

சொல்லியனுப்பினேன். இன்னும் வரவில்லை.