அறுபத்து நாலாம் பக்கம்

பிரான்சி அற்புதசாமியின் இரண்டாவது மகள். மூத்தவளை லால்குடியில் கட்டிக்கொடுத்தார்கள்; தம்பி ஆசீர் மஸ்கட்டில் இருக்கிறான். அற்புதசாமி எனக்குச் சின்னம்மா மகன் என்பதால் அந்த வீட்டு விஷயங்கள் ஓரளவு தெரியும்.

அற்புதசாமி திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஹெல்பராக இருந்தார். வேலையில் சேர்ந்தபோது வயதுக்குத் தாள் எதுவும் இல்லை. டாக்டர் ஆளைப் பார்த்து மூன்று வயது கூட்டிப் போட்டுவிட்டார். ஓய்வு நெருங்கும்போதுதான் அது உறைத்தது. சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சான்று கேட்டார். "மேற்படி பெயர் பதிவேட்டில் காணப்படவில்லை" என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, அவரோடு ஒரே வகுப்பில் படித்த சவரிக்கும் அதே தாள் கிடைத்தது. விசாரித்தால், அந்த வருஷத்துப் பக்கமே புத்தகத்தில் கிழிந்து போயிருக்கிறது. கிளார்க்கிடம் கேட்டதற்கு, "பேர் இல்லீங்க, இல்லன்னு எழுதினோம். பக்கம் இருக்கான்னு நீங்க கேக்கலியே" என்றாராம்.

அந்தத் தாளை அற்புதசாமி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார்.

"பாத்தீங்களா, நான் பள்ளிக்கூடமே போகலையாம்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அவர் மனைவி வியாகுலம்மாள், "வந்தவங்க காப்பி குடிக்கட்டும், அதை உள்ள வைங்க" என்பாள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. தாள் இன்னும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

பிரான்சி பாலிடெக்னிக் முடித்துவிட்டு, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அழகிரி என்பவர் நடத்தும் கடையில் சேர்ந்தாள். பதினாறு வருஷம் ஆயிற்று. முதலில் அது ஜெராக்ஸ் கடை. பிறகு வக்கீல்களின் கட்டுகள், பழைய பத்திரங்கள், பதிவேடுகள் ஆகியவற்றைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் இடமாக மாறியது. கடையின் பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதில் நாலு டிஸ்க். எடுத்த படம் எல்லாம் நாலிலும் பரவிக் கிடக்கும். ஒன்று கெட்டுப்போனாலும் மற்ற மூன்றையும் வைத்துக் கெட்டதை நிரப்பிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு போனால் முடியாது. பிரான்சி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். எந்தப் படமாவது கெட்டுப்போய், திருத்தவும் முடியவில்லை என்றால், அதன் பெயரைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் அந்தப் பட்டியல் போகாது. கெட்ட படத்தை எடுத்துவிட்டு நல்ல படத்தைப் போட்டாலும் உடனே பெயரை அடிக்காது. ஆரம்பம் முதல் கடைசி வரை முழுச் சோதனை இரண்டு முறை ஓடி முடிந்த பிறகுதான் அடிக்கும். ஒரு சோதனைக்கு ஒன்றரை நாள் ஆகும்.

பிரான்சிக்கும் ஒரு பழக்கம். காலையில் கடையைத் திறந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழிப்பாள். அதன் பின்பக்கத்தில் பெட்டி அன்றைக்கு என்ன சொல்கிறது என்று எழுதி, பில் குத்தும் கம்பியில் குத்தி வைப்பாள். பெரும்பாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் இருக்கும். அழகிரி கேலி செய்வார்.

"ஒண்ணும் இல்லைங்கறதுக்கு ஒரு தாளாம்மா?"

"இருக்கறப்ப மட்டும் எழுதினா, எழுதாத நாள்ல பாத்தேனா பாக்கலையான்னு தெரியாது சார்."

அவளுடைய இன்னொரு ஏற்பாடு, வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்கில் காப்பி எடுத்து அழகிரியிடம் கொடுத்தனுப்புவது. அவர் வீடு ஸ்ரீரங்கத்தில். ஒரு காப்பி காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. டிஸ்க் அங்கே பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும்.

போன வருஷம் மூடிப்போன ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வேலை வந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். நடத்தியவரின் மகன் வீரமலை, அட்மிஷன் ரெஜிஸ்டர்கள் பதினான்கையும் படம் எடுக்கக் கொடுத்தார். எடுத்து முடித்ததும் தாள்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்று குடும்பத்தில் பேசியிருந்தார்கள். எல்லாப் படமும் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லும் ஒரு பிரிண்ட் மட்டும் அவருக்கு வேண்டும். வேலை ஏறக்குறைய முடிந்தது. ரெஜிஸ்டர்கள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயின. ஏழாவது ரெஜிஸ்டரின் படங்களைக் கேமராவிலிருந்து பெட்டிக்கு மாற்றும் வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஆயுத பூஜை.

பிரான்சி அன்று லீவு. பெட்டி புதிது, முன்பக்கம் நாலு சின்னக் கதவு, இழுத்தால் டிஸ்க் கையோடு வரும். அழகிரி கேமராவுக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பெட்டிக்கு முன்னால் வந்தபோது அவருக்கு ஓர் எண்ணம். மறுநாள் அவளிடம் அவரே சொன்னார்: "உள்ள நாலு பேர் வேலை செய்யறான். வெளிய ஒரு பொட்டு வெச்சா அவங்களுக்கு என்ன சேரும்?" ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து ஒவ்வொரு டிஸ்காக உருவி, துணியால் துடைத்து, பொட்டு வைத்து, திரும்பச் செருகினார். முதலாவது சுதாரிப்பதற்குள் இரண்டாவது கைக்கு வந்துவிட்டது. பெட்டி அப்படியே நின்றுபோயிற்று. அவர் கற்பூரம் காட்டிவிட்டுக் கடையைப் பூட்டினார்.

மறுநாள் பிரான்சி பெட்டியை எழுப்பி, முழுச் சோதனை ஓடவிட்டாள். லட்சக்கணக்கான படங்களில் பதினொன்று மட்டும் பட்டியலில் வந்தன. பதினொன்றும் ஏழாவது ரெஜிஸ்டர். முந்தின வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எடுத்தவை என்பதால் ஸ்ரீரங்கத்துக் காப்பியில் இருக்காது. கேமரா கார்டு, படம் பெட்டிக்கு மாறும்போதே தானாகக் காலியாகிவிடும்.

அந்தப் பட்டியல் எந்தப் பக்கம் என்று சொல்லும். அந்தப் பக்கத்தில் யார் என்று சொல்லாது. நாள்காட்டித் தாளில் பதினொரு எண்களையும் எழுதிக் குத்தினாள்.

"ரெஜிஸ்டர் இன்னும் பள்ளிக்கூடத்துலதான் இருக்கு சார். வீரமலை சார்கிட்ட சொல்லி ஏழாவதை மட்டும் வாங்கிட்டு வந்துடலாம்."

"என்னன்னு சொல்றது? சாமி கும்புடப் போயி உங்க பக்கத்தைத் தொலைச்சுட்டேன்னா? இன்னும் நாலு பள்ளிக்கூடம் அவர் கைல இருக்கு, அதெல்லாம் நமக்குத்தான் வரும்."

"பக்கம் போச்சுன்னு சொன்னாப் போதும்."

"கொஞ்சம் பொறும்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை. பழைய காப்பியில் ஒரு படமாவது இருக்குமா என்று பார்த்துவிடலாம் என்று பிரான்சி ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினாள். அழகிரியின் வீட்டில் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டாள். டிஸ்கை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மூன்று மணி. கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் பாசில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பட்டியல் காலியாக இருந்தது. "அறியப்பட்ட பிழை எதுவும் இல்லை" என்று பெட்டி சொன்னது.

"என்ன பண்ண?"

"ஒண்ணுமில்லக்கா. சோதனையை ஆரம்பிச்சு உடனே நிறுத்தணும். ரெண்டு தடவ. ரெண்டு தடவ சோதிச்சுட்டோம்னு அது நெனச்சுக்கும், பேரெல்லாம் போயிடும்."

"படம் சரியாயிடுச்சா?"

"படம் எப்படிக்கா சரியாகும்? லிஸ்ட்தான் போகும். சார் லிஸ்ட்டைத்தான் கேட்டாரு."

அழகிரி பிரிண்ட் எடுத்த தாளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். பிரான்சி முழுச் சோதனையை மறுபடி ஆரம்பித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஸ்ரீரங்கத்து டிஸ்கில் அந்தப் பதினொன்றும் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீரமலை வந்தார். கவரைப் பிரித்துப் படித்தார்.

"பிழை எதுவும் இல்லை. நல்லது. நேத்து சாயங்காலம் அழகிரி போன்ல சொன்னதுமே வேனை வரச் சொல்லிட்டேன். காலைல ஏழு மணிக்கே எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டாங்க."

பிரான்சி கம்பியிலிருந்து வரிசையாகத் தாள்களை உருவினாள். முந்தின நாள் வரை எட்டுத் தாள், எட்டு நாள். எல்லாவற்றிலும் அதே பதினொரு எண்கள். அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இந்தப் பதினோரு பக்கமும் எங்ககிட்ட கெட்டுப்போச்சு சார். அந்தப் பிரிண்ட்டு, லிஸ்ட்ட தொடச்சிட்டு எடுத்தது."

வீரமலை தாள்களைப் பார்த்தார். பிறகு அழகிரியைப் பார்த்தார். அழகிரி சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, பதினோரு பக்கம். அம்பது வருஷத்துக்கு முந்தினது. அதுல இருக்கறவங்க பாதிப் பேர் இருக்காங்களோ இல்லையோ. இதுக்குப் போயி..."

"இருக்கறவங்க வந்து கேட்டா என்ன சார் எழுதிக் கொடுப்பீங்க?"

"பேர் இருந்தா இருக்குன்னு கொடுப்போம். இல்லன்னா இல்லன்னு."

"எங்கப்பாவுக்கு அப்படித்தான் சார் கொடுத்தாங்க."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. வேன் எந்தக் கடைக்குப் போயிற்று என்று மட்டும் கேட்டாள். வீரமலை போனை எடுத்தார். பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை.

அழகிரிதான் ஸ்கூட்டரை எடுத்தார். பேப்பர் கடையில் ரெஜிஸ்டர்களின் காலிகோ துணி ஒட்டிய அட்டையை உரித்துத் தனியாகப் போட்டிருந்தார்கள். தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அட்டை இல்லாததால் எது ஏழாவது என்று தெரியவில்லை. பிரான்சி வரிசை எண்ணைப் பார்த்துப் பார்த்து, மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து சேர்த்தாள். அழகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். கடைக்காரர் இரண்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

பத்துப் பக்கம் கிடைத்தது. அறுபத்து நாலாம் பக்கம் இருந்த தாள் கிடைக்கவில்லை. அந்தத் தாளின் முன்பக்கம் அறுபத்து மூன்று. அதன் படம் பெட்டியில் நன்றாகவே இருந்தது. பின்பக்கத்துப் படம்தான் கெட்டது. கடைக்காரர், உதிரித் தாள்களைக் காலையில் ஒரு கடலை வண்டிக்காரர் அள்ளிக்கொண்டு போனார் என்றார். அவர் எந்தத் தெருவில் நிற்பார் என்று அவருக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பிரான்சி பாலக்கரையில் விசாரித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, முழுச் சோதனை முடிந்திருந்தது. துடைத்த பதினொரு பெயரும் திரும்பி வந்திருந்தன. பத்துப் பக்கத்துக்கும் புதிதாகப் படம் எடுத்துப் போட்டாள். முதல் சோதனை முடிந்தது, பெயர்கள் இருந்தன. இரண்டாவது முடிந்தது; பத்துப் பெயர் போயிற்று. ஒன்று நின்றது.

வீரமலை மற்ற நாலு பள்ளிக்கூடத்து வேலையையும் வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சான்று கேட்டு வருகிறவர்களை இங்கேயே அனுப்பினார். தேடி எடுத்துக் கொடுத்தால் அவர் கையெழுத்துப் போடுவார். அழகிரி பத்து நாள் பிரான்சியிடம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் பேசவில்லை. பதினோராம் நாள் பேசினார்.

"அந்தக் கெட்ட படத்தை அழிச்சுட்டா லிஸ்ட்டும் போயிடும்ல? எதுக்கு அது ஒண்ணு சிவப்பா?"

"இருக்கட்டும் சார்."

"தொறந்தா எதுவும் தெரியாத படம்."

"அங்க ஒரு பக்கம் இருந்துச்சுன்னாவது தெரியுது."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். படத்தை அழிக்கவில்லை.

தை மாதம் மன்னார்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் மதுரைவீரன், ஓர் அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேன். ஆதார் கார்டில் அவர் பிறந்த வருஷம் ஏழு வருஷம் தள்ளி விழுந்திருக்கிறது. முதியோர் உதவிக்கு மனுப் போட்டால் வயது போதாது என்கிறார்கள். படித்த பள்ளிக்கூடத்துச் சான்று இருந்தால் திருத்திக் கொடுப்பார்களாம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது அறுபத்தொன்பது ஜூன் என்று நினைவு.

பிரான்சி தேடினாள். பெயர் இல்லை.

"கூட யாராச்சும் சேந்தாங்களாய்யா?"

"எங்கக்கா பாப்பாயி. எங்கப்பாரு ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கொண்டுபோய் விட்டாரு. அக்கா மூணாப்பு. அதுதான் முன்னால நின்னுச்சு, நான் அது பாவாடையைப் புடிச்சிட்டு அழுதுக்கிட்டு நின்னேன்."

அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தாள். கடைசி வரி, வரிசை எண் 740: பாப்பாயி, மூன்றாம் வகுப்பு, தந்தை பெயர், சேர்ந்த தேதி. அறுபத்தைந்தாம் பக்கம் 753-ல் தொடங்கியது.

பிரிண்டரில் மூன்று தாள் எடுத்தாள். அறுபத்து மூன்றின் படம், அறுபத்தைந்தின் படம், பெட்டியின் பட்டியல். பட்டியலில் இருந்த ஒரே வரியின் கீழே பேனாவால் கோடு போட்டாள். நாலாவதாக ஒரு தாளில் எழுதினாள்: "பக்கம் 64, வரிசை எண் 741 முதல் 752 வரை உள்ள பதிவுகள், படமும் தாளும் இழக்கப்பட்டன. அவற்றில் இருந்த பெயர்கள் தெரியவில்லை." கடை சீல் வைத்து, வீரமலையிடம் கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

மதுரைவீரன் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்க நேரமாயிற்று.

"அப்ப நான் அங்க படிச்சேன்னு இதுல இருக்காம்மா?"

"இல்லீங்கய்யா. படிக்கலன்னும் இதுல இல்ல."

அவர் அக்காவின் பெயர் இருந்த வரியை விரலால் ஒரு முறை தடவினார். தாள்களை நாலாக மடிக்கப் போனவரைத் தடுத்து, பிரான்சி ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்தாள். தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. நாள்காட்டித் தாளின் பின்னால் தினமும் அந்த ஒரே எண் விழுந்துகொண்டிருக்கிறது.