கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம்

பத்து வருடம் ஆகிறது. திருவொற்றியூர் ரயில்வே ஸ்டேஷன், காலை எட்டு மணி. பாரிமுனையில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. போகிற வழியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை ராயபுரத்தில் ஸ்கூலில் விட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு லோக்கலை விட்டால், அடுத்தது எப்போது வரும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அன்றைக்கு எங்கள் வண்டி தூரத்தில் வருவது தெரிந்தது. அது நிற்கும் பிளாட்பாரத்துக்கும் எங்களுக்கும் நடுவே நீளமாக ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கினால் லோக்கல் போய்விடும். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யார் அசருவார்கள்? கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து புகுந்து போய்விடுவோம். நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

சாப்பாட்டுப் பைகளோடு முதலில் நான் புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். குனிந்து பார்த்தால், மகள் அந்தப் பக்கமே தயங்கி நிற்கிறாள். எனக்குப் பொறுமை ஏது? “சீக்கிரம் வாடி, வண்டி வந்துடுச்சு!” என்று கத்தினேன். அவள் உள்ளே புகக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கேயோ முன்னால் டமார் என்று ஒரு சத்தம். அது பெட்டி பெட்டியாக எங்களை நோக்கி ஓடி வந்தது. சக்கரம் அசைந்தது.

“ஐயோ, என் கொயந்த!” என்று பாய்ந்த என்னை இரண்டு பேர் இழுத்து பிளாட்பாரத்தில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து பெட்டிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. புகுந்தாளா, நின்றாளா? பெயர் சொல்லிக் கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எங்கள் லோக்கல் வந்து, போயும்விட்டது. கடைசிப் பெட்டி நகர்ந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தண்டவாளத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

“தோ கீதும்மா உன் பொண்ணு! கண்ணத் தொற!”

எதிர்ப்பக்கம் மீன் விற்கிற அக்கா ஒருவர். மகளைப் பின்னால் இழுத்த கையால், அவள் முதுகிலிருந்த ஸ்கூல் பையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் கூடை கவிழ்ந்து, சங்கரா மீனெல்லாம் ஜல்லியில் கிடந்தது.

வெறும் தண்டவாளம்தான், ஆனால் அதில் கால் வைக்க முடியவில்லை. மேம்பாலம் ஏறி ஓடினேன். “இன்னா பொம்பள நீ? கொயந்தய வண்டி அடியில கூப்ட்டுகினு நிக்கிற! அறிவு கீதா?” என்று அந்த அக்கா திட்டித் தீர்த்தார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். காலில் விழப்போனேன். “என் கால்ல இன்னா கீது? புள்ளைக்குத் தண்ணி குடு” என்று சொல்லிவிட்டு மீனைப் பொறுக்க உட்கார்ந்தார். மகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நானும் பொறுக்க உட்கார்ந்தேன்.

மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “பயமாத்தாம்மா இருந்துச்சு. நீ கூப்ட்டியேன்னுதான் குனிஞ்சேன்” என்றாள்.

இப்போது அவளுக்குப் பதினாறு வயது. கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை, எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிறாள். என் வீட்டுக்காரர் திட்டுவார். நான் திட்டுவதில்லை, அந்தக் கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை நான் வேண்டிக்கொண்டதெல்லாம், இந்த ஒரு தடவை அவள் என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்றுதானே!