இடது பின்சக்கரத்துக் குருவி

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போவார்கள், இறால் வாங்கப் போவார்கள். நான் ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் போனேன். தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வேண்டிய தகவல்களை நடுநடுவே சொல்லிவிடுகிறேன். மீதியெல்லாம் என் சொந்தக் கதை, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் காருக்குப் பதினோரு வயது. அதை ஓட்டியதெல்லாம் என் மனைவி சுதாதான். நான் பஸ்ஸில் வளர்ந்தவன். இடது பக்கம் உட்கார்ந்து வழி சொல்வதோடு சரி, அதிலும் பாதி தப்பு என்பாள். அவளுக்கு உடம்பு முடியாமல் போனபிறகு, அறுபது வயதில், வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். போன மாசியில் அவள் ஆசைப்பட்டாள் என்று பழவேற்காடு போய்விட்டுத் திரும்பும்போது சக்கரத்தில் கீச் கீச்சென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போகும்போது மட்டும், அதுவும் இடது பக்கம் திரும்பினால் மட்டும். "விடுங்க, குருவி ஒண்ணு வண்டியில ஏறிக்கிச்சு" என்றாள் சுதா.

அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் தெருமுனையில் காதைக் கொடுத்துக் கேட்பாள். "குருவி வந்துடுச்சா?" என்பாள். வந்துவிடும். ஆடி மாதம் அவள் போய்விட்டாள். குருவி போகவில்லை.

இப்போது காரை மகள் நித்யாவுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் அல்லாடுகிறாள். "அந்தச் சத்தம் போகாம குழந்தைய அதுல ஏத்த மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

பெரம்பூரில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் முன்பக்க பிரேக் பேடை மாற்றினார். இன்னொருவர் பேரிங்கை மாற்றினார். விட்டால் என்னையும் மாற்றியிருப்பார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் சத்தமே வராது, கீழே இறக்கினால் ஆரம்பித்துவிடும். கடைசியில் ஒருவர், "இரைச்சல் இல்லாத ரோட்டுல மெதுவா ஓட்டி, வெளியே ஒரு ஆள நிக்கவெச்சு, எந்தச் சக்கரம்னு கேக்கச் சொல்லுங்க சார்" என்றார். இரைச்சல் இல்லாத சாலை என்றதும் எனக்கு ஒரே ஒரு சாலைதான் ஞாபகம் வந்தது. நின்று கேட்க அங்கேயே யாராவது கிடைப்பார்கள் என்று நினைத்தேன்.

காலை ஆறரைக்குப் பெரம்பூரில் கிளம்பினேன். செங்குன்றம் தாண்டி, நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுரோடு வரை போய், அங்கே வலது பக்கம் திரும்பினால் பொன்னேரி. அங்கே இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். பொன்னேரிக்குப் பிறகு நல்ல ஹோட்டல் எதிர்பார்க்காதீர்கள், இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது உத்தமம். பழவேற்காடு கடைத்தெருவுக்குள் நுழையும்போது மணி எட்டே முக்கால். என் வண்டி மீட்டரில் ஐம்பத்து நான்கு கிலோமீட்டர்.

கடைத்தெருவைத் தாண்டி ஏரிமேல் ஒரு பாலம். பூநாரைகள் தூரத்தில் நின்றன, நான் நிற்கவில்லை. போன தடவை சுதா பாலத்து நடுவில் நிறுத்தச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக அங்கே நிற்கத் தைரியம் வரவில்லை. பாலம் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் லைட்ஹவுஸ் குப்பம்.

அங்கே சாலைக்குக் குறுக்கே வலை கிடந்தது. மணலில் போட்டால் மண் ஏறும் என்று தார்ச்சாலையில் பிரித்துப் போட்டுச் சிக்கெடுப்பார்கள். வண்டி வந்தால் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வலையைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். கல்யாணப் பந்தலுக்குள் நுழைவதுபோல வண்டி அடியில் புகுந்து போகவேண்டும். நான் நின்றேன். தூக்கினார்கள். தாண்டி இடது பக்கம் ஒடித்ததும் குருவி கத்தியது.

"யோவ், நிறுத்து. வலைய இஸ்துகினு போறியே" என்று ஒரு பெண் ஓடிவந்து டிக்கியில் பட்டென்று அடித்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தேசம்மா என்று பிறகு தெரிந்தது. வலைதான் சக்கரத்தில் மாட்டிக் கீச்சிடுகிறது என்று நினைத்துவிட்டாள். வலை அவள் முதுகுக்குப் பின்னால் முழுசாகக் கிடந்தது. "இது எப்பவும் கத்தும்மா, அதுக்குத்தான் வந்தேன்" என்றேன். அவள் நம்பவில்லை. குனிந்து பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டாள்.

"பின்ன இது இன்னா?"

கறுத்துப்போன நைலான் நூல், விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்ததும் பச்சை தெரிந்தது. தேசம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நண்டு வலை நூலு. என்னுதுதான். இப்ப இந்தப் பச்ச நூலு நான் போடறதில்ல, அது போன வருசம். அண்ணா, நீ அப்ப வந்தல்ல? கூட ஒரு அக்கா, தலைல துணி கட்டிக்கினு. வோணாம் வோணாம்னு நாங்க சொல்ல சொல்ல எறங்கி வந்து வலைய புட்ச்சாங்களே. அக்கா வரலியா?"

"இல்லம்மா. ஆடி மாசம் தவறிட்டாங்க."

தேசம்மா நூலை விடாமல் சக்கரத்தருகே குனிந்தபடியே இருந்தாள்.

எனக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வலையைப் பார்த்ததும் சுதா குழந்தைபோல இறங்கி ஓடி ஒரு முனையைத் தூக்கிக்கொண்டாள். வாங்க வாங்க என்று தலையாட்டினாள். வலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் ஊர்ந்து ஊர்ந்து போனேன். முன்பக்கம் தாண்டியதும் அவள் பக்கத்து வலை விழுந்து பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் சேர்ந்து அறுத்து எடுத்தார்கள், திட்டக்கூட இல்லை. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்ததால் வலையையும் சத்தத்தையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. வண்டியில் ஏறி, "கை நழுவிடுச்சுங்க" என்றாள். அதன்பிறகு வழியெல்லாம் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்னேரி நெருங்கும்போதுதான் சத்தம் கேட்டு, குருவி என்று சொல்லிச் சிரித்தாள்.

"அன்னைக்குக் கை நழுவிடுச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டாம்மா" என்றேன்.

"நழுவலண்ணா" என்றாள் தேசம்மா. "கை ஒதற ஆரம்பிச்சதும் நான் பக்கத்துல போயி, குடுக்கா, நான் புட்ச்சிக்கிறேன்னேன். குடுக்கல. அவரு இப்பதான் ஓட்டக் கத்துக்கினாரு, நடுவுல வலை ஆடுனா பயந்துடுவாரு, தாண்டட்டும்னாங்க. பல்ல கட்ச்சிக்கினு புட்ச்சாங்க. பாதி வண்டி தாண்ற வரிக்கும் வுடல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில், வலைக்காரர்கள் எல்லோரும் பார்க்க அழுதேன். வெட்கமாக இல்லை.

அந்த நூல் அப்படியே இருக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. குருவி கத்திக்கொண்டே இருக்கட்டும். யாருக்காகச் சத்தத்தைத் தேடி வந்தேன் என்று தேசம்மா கேட்டாள். மகளையும் பேரக்குழந்தையையும் பற்றிச் சொன்னேன். "அப்ப எட்த்துடுண்ணா. உள்ள சுத்திக்கினா பிரேக்கு புடிக்காது. கொயந்த போற வண்டி" என்றாள்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு மெக்கானிக் பாய் பின்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினார். உள்ளே நூல் கரிந்து சுருண்டிருந்தது. அதோடு வலையில் கோக்கும் ஈயக்குண்டு ஒன்று, நிலக்கடலை அளவு, ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி இருந்தது. "வண்டி வெயிட்டு இறங்கினாத்தான் இது உரசும் சார், ஜாக்கியில கண்டுபிடிக்க முடியாது" என்றார். முக்கால் மணி நேர வேலை, நானூறு ரூபாய். "குப்பையில போட்டுடவா?" என்று கேட்டார். குண்டை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது வழியில் வந்த இடது திருப்பம் எல்லாவற்றிலும் வண்டியை மெதுவாக்கினேன். தேவையே இல்லாமல் இரண்டு தெருக்களுக்குள் நுழைந்தும் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். "சத்தம் போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். "போயிடுச்சும்மா" என்றேன். குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக் கட்டி, கை காட்டிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மார்கழி, தை மாதங்கள் பறவைகளுக்கு ஏற்றவை. எட்டு மணிக்குள் போய்விட்டால் மீன் நன்றாகக் கிடைக்கும், ஐஸ்பெட்டி கொண்டுபோங்கள். படகில் ஏறுவதற்கு முன்னால் அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏதாவது கேட்டால் பின்சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குப்பத்தில் வலை குறுக்கே கிடந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், தூக்குவார்கள். ஜாக்கிரதையாகப் போகிறேன் பேர்வழி என்று அடியில் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டாம். சட்டென்று தாண்டிவிடுங்கள். பிடித்திருப்பவர்களுக்குக் கை வலிக்கும்.