சமையலறை பிரிண்டரின் எண்

கடைகளுக்கு பில் பிரிண்டர் பொருத்துவது என் தொழில். கோட்டூர்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று ஒரு நாளைக்கு நாலைந்து கடை. பிரிண்டர் அநேகமாகக் கெடுவதே இல்லை. யாரோ ஒயரைப் பிடுங்கியிருப்பார்கள், காகிதச் சுருளைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள், பிறகு என்னைக் கூப்பிட்டு மெஷின் சரியில்லை என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு யாருடையது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். இதனால் எனக்கு ஒரு பெயரும் இருந்தது; நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இருந்தார்கள்.

அப்படி நம்பியவர்களில் ஒருவர், மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டிபன் கடை நடத்தும் மாமி. கல்லாவில் உட்கார்ந்து அவர் கம்ப்யூட்டரில் ஆர்டரைத் தட்டுவார். பின்னால் சமையலறையில் இருக்கும் சின்ன பிரிண்டர் ஒரு பீப் போட்டுச் சீட்டைத் தள்ளும். சீட்டின் அடியில் குறிப்பு என்று ஒரு வரி இருக்கும். ‘முறுகல்’, ‘வெங்காயம் வேண்டாம்’ என்றெல்லாம் அதில் வரும். தோசை மாஸ்டர் சீட்டைக் கிழித்துக் கண்ணெதிரே செருகிக்கொண்டு வார்ப்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். பூட்டும்போது மாமி மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். மின்கசிவு பற்றி அவருக்கு அவ்வளவு பயம். காலையில் திறந்ததும் முதல் வேலை, ஸ்பீக்கரில் சாமி பாட்டு. பாட்டு கேட்காமல் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அந்த ஸ்பீக்கரும் பிரிண்டரைப் போல வைஃபையில் ஓடுவது. வைஃபை தரும் ரூட்டரோ தினமும் புதிதாக எழுந்து, எந்தக் கருவி முதலில் வருகிறதோ அந்த வரிசையில், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஆளுக்கொரு எண்ணைக் கொடுக்கும். நேற்று ஐந்தாம் எண்ணில் இருந்த பிரிண்டர் இன்று ஏழில் இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் ஐந்தையே தேடிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் முதல் தடவை என்னைக் கூப்பிட்டார்கள்.

மருந்து சுலபம். பிரிண்டருக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். ரூட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்காத எண்ணாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அன்று நந்தனத்தில் இன்னொரு கடைக்காரர் எனக்காகக் காத்திருந்தார். கம்ப்யூட்டர் தேடுவது ஐந்தைத்தானே, பிரிண்டரை ஐந்திலேயே நிறுத்திவிட்டால் கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படியே செய்துவிட்டு, ரூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மாமி போன் செய்தார்.

“நீ வந்து ஒரு தடவை பாத்துட்டு, மெஷின் மேல தப்பில்லேன்னு சொல்லிடுடிம்மா. அது போதும் எனக்கு. மாஸ்டர் பாதி சீட்டை மதிக்கறதே இல்லை. கேட்டா வரலேங்கறார். நீ சரிபண்ணின மெஷின், அதெப்படி வராம போகும்? அடுத்த வாரத்துலேந்து வேற மாஸ்டருக்குச் சொல்லியாச்சு.”

நான் மாமியை நம்பினேன். என் வேலையில் குறை இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

நான் போனது மத்தியான வேளை, கடையில் ஆளில்லை. மாஸ்டர் சாயங்கால டிபனுக்காகக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, “அண்ணே, கொஞ்சம் நகருங்க” என்றேன். மூன்று முறை சொல்லியும் அசையவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டி பிரிண்டரை அணைத்தேன், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திரும்பப் போட்டேன். அது நீளமாகக் கத்தித் தன் விவரச் சீட்டைத் தள்ளியது. அந்தச் சத்தத்துக்கும் அவர் திரும்பவில்லை. வெள்ளைக் காகிதம் கண்ணில் பட்டதும்தான் திரும்பினார், என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இன்னாமா, எப்போ வந்தே?”

நான் பதில் சொல்லும்போது அவர் என் உதட்டையே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவருக்கும் தெரிந்துவிட்டது.

“மாமியாண்ட சொல்லிராதம்மா. காது சுத்தமா போய்க்கினு கீது. சீட்டப் பாத்துக்கினே ஓட்டிக்கினு கீறேன். ஆனா வராத சீட்ட எங்கேர்ந்து பாக்குறது, சொல்லு?”

சீட்டில் ஐந்தாம் எண்தான் இருந்தது. அன்றுதான் ரூட்டரைத் திறந்து பார்த்தேன். அதே ஐந்தாம் எண் ஸ்பீக்கருக்கும் போயிருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் எழுதிவைத்தால் தபால் எங்கே போகும்? மாமி தட்டிய பொங்கலும் ரவா தோசையும் பல வேளை சாமி பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டியிருக்கிறது; மாமி அதைப் படிக்காமல் ஒவ்வொரு முறையும் மூடியிருக்கிறார். வேறு கடையாக இருந்தால் ஆர்டரைக் கத்திச் சொல்லிச் சமாளித்திருப்பார்கள். இங்கே கத்தியும் பயனில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை மறைப்பானேன். பிரிண்டருக்கு ரூட்டரின் வரிசைக்கு வெளியே இருநூறாம் எண்ணைக் கொடுத்தேன், கம்ப்யூட்டரிலும் மாற்றினேன், மெயினை அணைத்துப் போட்டு இரண்டு தடவை சோதித்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது.

“மெஷின் மேல தப்பில்லையே?” என்றார் மாமி.

“இல்ல மாமி.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒருவருடைய வேலை போகிறது என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“தப்பு என்னுது. மாஸ்டர் சொன்னது நிஜம், பாதி சீட்டு அவருக்கு வரவே இல்ல” என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன்.

மாமி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அவரை நான் என்னெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? அவருக்குக் காது கேக்கலேன்னுதானே இந்த மெஷினையே வாங்கினேன். வாங்கிக் குடுத்தும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரேன்னுதான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.”

“உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?”

“அவரா சொல்லலே. நானா எதுக்குடிம்மா கேக்கணும்?”

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. புது ஆளுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றார். பிறகு, “தோசை சாப்ட்டுட்டுப் போ” என்று சொல்லி கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரு தோசைக்கு அவ்வளவு நேரம் தட்டுவானேன் என்று எட்டிப் பார்த்தேன். குறிப்பு வரியில், ‘சீட்டு வராதது உங்க தப்பில்லை. நான் பேசினதை மன்னிச்சுடுங்கோ’ என்று இருந்தது.

உள்ளே பீப் கேட்டது. கதவு வழியாக மாஸ்டரின் முதுகு தெரிந்தது. சீட்டைக் கிழித்தவர் அதைச் செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

“மாமி! இன்னான்னாவோ எழுதிக்கீறீங்க, முறுகலா சாதாவா, அத்த எழுதலியே!”

மாமி வாயால் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு அடித்தார்.