வள்ளிக்கண்ணுவின் அடுப்பும் வடக்கத்திப் புகையும்

ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பங்குனி பிறந்த கையோடு ஒரு வதந்தியும் பிறந்தது. விடியற்காலையில் தெருவை மூடிக்கொண்டு நிற்கும் புகை, வள்ளிக்கண்ணுவின் இட்லிக் கடை விறகடுப்பிலிருந்துதான் வருகிறதாம். இருப்பது ஒற்றை அடுப்பு. அதிலிருந்து கொள்ளிடக் கரை வரை எப்படிப் புகையும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வதந்தி வாடிவிடும்.

கடை இருக்கும் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் பீமராவ், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மாடியில் குடியிருக்கிறார். ஆஸ்துமாக்காரர். காற்றின் தரம் என்று செல்போனில் ஓர் எண் வரும். அது ஏற ஏற அவருக்கு இளைப்பும் கோபமும் சேர்ந்து ஏறும். ஒருநாள் மாடிப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"புகை நிக்கலைன்னா மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணிடுங்கம்மா."

வள்ளிக்கண்ணுவுக்கும் இருமல் இருந்தது. ஒருவேளை நம்ம அடுப்புதானோ என்று அவளே தன்னைச் சந்தேகித்தாள். மறுநாள் அடுப்பை மூட்டவே இல்லை. மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. புகையோ வழக்கம்போல வந்து நின்றது. அது நேற்று மூட்டிய அடுப்பின் புகை, இன்னும் கலையவில்லை என்று தெரு பசியோடு தீர்ப்புச் சொன்னது.

அவள் பஸ் ஏறித் திருவெள்ளறையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனாள். வடக்கே போகப் போகப் புகை கெட்டியானது. தம்பி மனைவி இருளாயி கொல்லையில் நின்று விவரம் சொன்னாள். பச்சைமலையில் காடு பற்றிக்கொண்டு எரிகிறது. அணைக்க ஆட்கள் ஏறியிருக்கிறார்கள். ராத்திரியில் வடகாற்று புகையை இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. விடியும்போது காற்று அசையாமல் கிடக்கும், தரை குளிர்ந்திருக்கும். இட்லிக் கொப்பரைக்கு மூடி போட்டதுபோலப் புகை மேலே போக வழியில்லாமல் அமுங்கிவிடும். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். கொப்பரை என்றதும் வள்ளிக்கண்ணுவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

திரும்பி வந்து சொன்னாள். தெருவுக்கு அது ருசிக்கவில்லை. மலையைப் போய்க் காலி பண்ணச் சொல்ல முடியாதே.

"அவ்வளவு தூரத்துப் புகை, என் வீட்டு விலாசம் தெரிஞ்சா வருது?" என்றார் பீமராவ்.

"புகை ஊருக்கெல்லாம் பொதுவாத்தான் வருது சார். உங்க கோபம்தான் விலாசம் பாத்து வருது. காவிரிக்கு அந்தப் பக்கம் பொன்மலையில இருக்கிற உங்க பொண்ணைக் கேட்டுப் பாருங்களேன்."

மகளுக்குப் போன் போட்டார். அங்கேயும் அதே புகை. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொளுத்துகிறார் என்று நினைத்து, அவரோடு பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டாளாம் மகள். பீமராவ் போனை மெதுவாக வைத்தார்.

அந்த வாரமே பச்சைமலையில் கோடைமழை இறங்கியது. காற்றும் கிழக்கே திரும்பியது. அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருக்க, மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை துடைத்து வைத்ததுபோலத் தெரிந்தது. மாசக் கடைசி வந்தது, போனது. கடை காலியாகவில்லை. அடுப்புக்கு மேலே நீளமான புகைபோக்கி ஒன்றைப் பீமராவே தன் செலவில் வைத்துக் கொடுத்தார்.

இப்போது தினமும் இறங்கி வந்து சாப்பிடுகிறார். கை கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார், தொண்டையைச் செருமுவார். தப்பாச் சொல்லிட்டேம்மா என்ற அந்த ஒரு சொல்லுக்காக வள்ளிக்கண்ணுவும் சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பாள்.

"சட்னி நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் படியேறிவிடுவார்.