வலைத்தளத்துக்கு ஒரு பின்கதவு

ஈப்போவிலிருந்து செமோர் போகிற ரோட்டில் பூசை சாமான் கடை வைத்திருக்கிறவள் நான். கடைக்கு ரெண்டு வாசல். முன்வாசல் ரோட்டைப் பார்த்தது. மாவிலைத் தோரணம், வாளியில் மல்லிகை, அடுக்கடுக்காகக் கல்யாணத் தட்டு, எல்லாம் அங்கேதான். பின்வாசல் பின்னால் இருக்கிற சந்துப் பக்கம் பார்த்தது. அங்கே ஒரு மர அலமாரி நிற்கும். அதற்குப் பூட்டு கிடையாது, கதவு மட்டும் எப்போதும் சாத்தியிருக்கும்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு வரைக்கும் போனேன், அதோடு சரி. பத்திரிகை வைத்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதைக்கூட நான் வாயால் சொல்லச் சொல்ல, போன்தான் எழுதிக்கொள்கிறது. மகள் புள்ளி வைத்துத் தந்தாள். பேச்சு என்னுடையது; ஒரு வார்த்தையையும் அவளை மாற்ற விடவில்லை.

அந்த அலமாரியில் இருப்பது துக்க வீட்டுச் சாமான். கோடித்துணி, அரப்பு, மண்குடம், பன்னீர், சந்தனம். அதை வாங்க வருகிறவர்கள் பின்வாசலுக்குத்தான் வருவார்கள். வந்து நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். நானும் "வாங்க" என்று சொல்ல மாட்டேன், யாருக்கு என்ன என்று கேட்கவும் மாட்டேன். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அலமாரியைத் திறந்து கட்ட ஆரம்பித்துவிடுவேன். போகும்போது அவர்கள் "வாரேன்" என்று சொல்லக் கூடாது, நானும் "போயிட்டு வாங்க" என்று சொல்லக் கூடாது. துக்கத்தை மறுபடியும் வா என்று யாராவது கூப்பிடுவார்களா? முன்னே நாங்கள் இருந்த கித்தாத் தோட்டத்தில், ரப்பர் தோட்டத்தில் இருந்த கடையிலும் இப்படித்தான். அந்தத் தோட்டம் இப்போது முழுசும் தாமான் குடியிருப்பு வீடுகளாகிவிட்டது. பழக்கம் என் கடையில் இருக்கிறது.

எனக்கு ஒரே மகள். பல வருசம் எலக்ட்ரானிக் பேக்டரியில் சரக்கு சரியா என்று பார்க்கிற வேலையில் இருந்தாள். பேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது, இவள் கடைக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ வகுப்பில் சேர்ந்து படித்து, கடைக்கு வலைத்தளம் செய்தாள்.

செய்த கொஞ்ச நாளில், சிங்கப்பூரில் இருக்கும் அவள் சிநேகிதி வேலைக்குக் கூப்பிட்டாள்.

"தைப்பூசம் வரைக்கும் பாக்குறேன் மா. இது எடுபடலேன்னா நான் கிளம்பிடுவேன். ரெண்டு பேரு உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு இந்தக் கடை எதுக்கு?"

"போறதுன்னா போ. உங்கப்பா போனதுக்கு அப்புறம் தனியா ஓட்டுனவதானே நானு" என்றேன்.

அது உண்மைதான். தனியாக ஓட்ட எனக்குத் தெம்பு உண்டு. ஆனால் காலையில் எதிரே உட்கார்ந்து பசியாற ஒரு ஆள் இருப்பது வேறு. அவள் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். "இரு" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் வலைத்தளம் எடுபட வேண்டும். அவ்வளவுதான் விசயம்.

முதலில் செய்த தளம் என் இஷ்டப்படி செய்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கணும் என்று சொல்லியிருந்தேன். திறந்ததும் பிள்ளையார், பிறகு நாதஸ்வரம், பிறகு மாலை போட்ட என் வீட்டுக்காரர் படம், அப்புறம்தான் சாமான். பேனர் அடிக்கிற கடையில் நல்ல தங்கக் கலர் எழுத்தில் ஒரு படம் செய்து வாங்கி, அதை அப்படியே அதில் ஒட்ட வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. நாங்கள் ரெண்டு பேர் மட்டும் பார்த்தோம்.

"மா, இது திறக்குறதுக்குள்ள சனங்க வேற கடைக்குப் போயிடுறாங்க. நாதஸ்வரத்தை எடுக்குறேன்."

"மங்களகரமா இருக்கட்டும்லா."

"வேலை இடத்துல உக்காந்து திறக்குறவன் போன்லேருந்து திடீர்னு கெட்டிமேளம் அடிச்சா அவனுக்கு மங்களமா?"

நாதஸ்வரம் போனது. வீட்டுக்காரர் படம் உள்ளே போனது. பிள்ளையாரை மட்டும் விடவில்லை. அவர் கட்டைவிரல் அளவுக்கு மேலே ஓரமாக உட்கார்ந்தார். தங்க எழுத்துப் படத்தையும் எடுக்கணும் என்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, அதுல தானே எல்லாம் எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு மா. ஆனா படத்துக்குள்ள இருக்கு. சனங்க தேடும்போது கடையைக் காட்டிக் குடுக்குற மெசின் இருக்கே, அது வரி வரியா இருக்குற எழுத்தைத்தான் நல்லாப் படிக்கும். படத்துல இருக்குறது அதுக்கு வெறும் படம்."

"உலகத்தையே தேடுற மெசினுக்கு இது தெரியாதா? அது என்னைவிட மோசமால்ல இருக்கு!"

சிரித்துவிட்டேன். எனக்கும் அப்படித்தானே, பாதி எழுத்து வெறும் படம். படிப்பு குறைந்த ஒரு வாடிக்கைக்காரி வந்தால் எப்படி நிதானமாகச் சொல்வேனோ, அப்படி அதற்கும் சொல்லிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். மகள் எல்லாவற்றையும் சாதாரண எழுத்தில் எழுதினாள். தமிழில், மலாயில், தமிழையே இங்கிலீஸ் எழுத்தில். நம்ம பிள்ளைகள் அப்படித்தானே தட்டுகிறார்கள். கடை எந்த ரோடு, எப்போது திறக்கும், காடி எங்கே நிறுத்தலாம், எல்லாம் எழுதினாள். நாலைந்து போன் வந்தது. கல்யாணத் தட்டுக்கு ஆள் வந்தார்கள். ஆனாலும் சிங்கப்பூரை நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன். மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஊர்ப் பக்கம் சனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடுறாங்கன்னு பாத்தேன் மா."

"என்னவாம்?"

"சாவு சாமான். கருமாதி சாமான்."

நூலை வைத்துவிட்டேன். "காலங்காத்தால பூ கட்டுற இடத்துல பேசுற பேச்சா இது?"

"தேடுறாங்களே மா. நம்ம அலமாரியில எல்லாம் இருக்கு. தளத்துல ஒரு வார்த்தை இல்ல."

"இருக்கக் கூடாது. மஞ்சக் கயிறு பாக்க வர்ற பொண்ணு கண்ணுல அது படலாமா? முன்வாசல்ல மண்குடத்தைத் தொங்க விடுவியா நீ?"

"சரி, தனிப் பக்கமா போடுறேன். பேரு?"

"மற்ற சாமான்கள்னு போடு. முன்பக்கத்துலேருந்து அதுக்கு வழி வைக்காத."

அப்படியே செய்தாள். அந்த வார்த்தை எங்கேயும் இல்லை, போகிற வழியும் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை. கடை நிறையக் கல்யாண வீட்டுக்காரர்கள். பெண்ணின் அத்தை ஒவ்வொரு தட்டையும் தூக்கிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். முன்வாசல் வழியாக ஒரு ஆள் நேரே உள்ளே வந்தார். நாற்பது வயசிருக்கும். சட்டை கசங்கி, கையில் போன்.

"அம்மா, சாவு சாமான் இங்க இருக்கா?"

அத்தைக்காரி தட்டைப் படக்கென்று கீழே வைத்து, "ஐயோ, சகுனமே சரியில்லையே!" என்றாள்.

நான் எழுந்து, "இப்படி" என்று அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பத்து காஜா ஆஸ்பத்திரியில அம்மா காலையில தவறிட்டாங்க. என்ன வாங்கணும்னே எனக்குத் தெரியலம்மா. பக்கத்து வீடு ஒரு பக்கம் மலாய்க்காரங்க, ஒரு பக்கம் சீனவங்க. ஓடி வந்து எல்லா உதவியும் செஞ்சாங்க. இது மட்டும் அவங்களுக்கு எப்படித் தெரியும்? போன்ல தேடினா கோலாலம்பூர் கடையாக் காட்டுது."

"எங்க கடை?"

"உங்க கடையும் வந்துச்சு. கல்யாணத் தட்டு, கல்யாண மாலைன்னு இருந்துச்சு. இங்க போயி இதைக் கேட்டா திட்டுவாங்கன்னு ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டேன். வேற வழியில்லாம வந்தேன்."

என் கடையைத் தாண்டிப் போயிருக்கிறார். அலமாரி நிறையச் சாமான் வைத்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருக்க, தாயைப் பறிகொடுத்த மனுசன் வாசலைத் தாண்டி, திரும்பி வந்து, மறுபடியும் தாண்டி.

நான் கட்டினேன். குளிப்பாட்ட வேண்டியது ஒரு பை, உடுத்த வேண்டியது ஒரு பை, மயானத்துக்கு ஒரு பை. எது எப்போது என்று சொல்லிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "ரொம்ப நன்றிம்மா, வாரேன்" என்றார். அவருக்கு அதுவும் தெரியவில்லை. நான் பதில் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்தபோது ஒரு வீட்டில் துக்கம் என்றால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினால் போதும்; என்ன வேண்டும் என்று தெரிந்த பொம்பளைகள் நாலு பேர் வந்து நிற்பார்கள். இவருக்குத் தட்ட அந்தச் சுவர் இல்லை. போனைத் தட்டியிருக்கிறார். அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். பின்வாசலில் நான் பேசாமல் இருப்பது மரியாதை, ஏனென்றால் நான் அங்கே நிற்கிறேன், என் கை கட்டுகிறது. போனில் பேசாமல் இருந்தால் அங்கே யாருமே இல்லை என்றுதானே அர்த்தம்?

கல்யாண வீட்டுக்காரர்கள் போனதும் மகளைக் கூப்பிட்டேன்.

"எழுது."

"என்னத்த மா?"

"சாவு சாமான்னு எழுது. கருமாதி சாமான்னும் எழுது. சனங்க எப்படித் தேடுறாங்களோ அப்படியே."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "முன்பக்கத்துலேருந்து ஒரு வழியும் வேணும் மா. வழியே இல்லாத அறையை மெசினாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"வை. அடியில வை. கலர் வேணாம், பூ வேணாம். 'துக்க வீட்டுக்கு'ன்னு மட்டும் போடு."

அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து செய்தோம். நான் கட்டுகிற வரிசையில் சொன்னேன்: முதல் நாள், காடாத்து, கருமாதி. அவள் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்புப் போட்டு, கீழே சாமான்களின் பெயரை எழுதினாள். ஏற்கெனவே இருந்த, சனங்கள் நிரப்புகிற ஆர்டர் பாரத்தில் ஏதேதோ கேட்டிருந்தது. எல்லாவற்றையும் அவளே அழித்துவிட்டு, எந்த ஊர், எப்போது வேண்டும், போன் நம்பர், இதை மட்டும் வைத்தாள். போன் பண்ணுகிற பட்டனைப் பெருசாக, கட்டைவிரல் போகிற இடத்தில் வைத்தாள். "ஒரு கையில அழுற பிள்ளையப் புடிச்சிருப்பாங்க மா, இன்னொரு கைதான் போனுக்கு" என்றாள். எனக்கு அது தோன்றியிருக்காது.

எல்லாம் முடிந்ததும், "நீ ஒரு தடவை அமுக்கிப் பாரு மா" என்று போனை என்னிடம் கொடுத்தாள். நான் துக்க வீட்டுக்காரி மாதிரி நினைத்துக்கொண்டு அமுக்கினேன். செமோர், நாளைக்குக் காலை, என் நம்பர், அனுப்பு.

திரை முழுக்கத் தங்கப் பூ கொட்டியது. நடுவில் பெரிய எழுத்து. கூட்டிப் படித்தேன். "நன்றி! மீண்டும் வருக!"

"அடிப்பாவி!"

எட்டிப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணத் தட்டு ஆர்டருக்குச் செய்து வைத்தது. இந்தப் பக்கத்துக்கும் அதுவே வந்திருக்கிறது. "ஐயோ மா, செத்த வீட்டுக்காரன மறுபடியும் வா வான்னு..." என்று ஆரம்பித்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ரெண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். சிரிக்கிற விசயமா அது? ஆனாலும் சிரித்தோம்.

"அதை எடு. ஒண்ணும் போடாத. நான் பேசாம இருக்குற மாதிரி அதுவும் இருக்கட்டும்."

"அது முடியாது மா. ஒண்ணும் வரலேன்னா போச்சா இல்லையான்னு தெரியாது. மறுபடி மறுபடி அமுக்கிக்கிட்டே இருப்பாங்க."

அவள் சொன்னதும் நியாயம். பின்வாசலில் நான் பேசாவிட்டாலும் என் கை அலமாரியைத் திறப்பது அவர்களுக்குத் தெரிகிறது. அந்தக் கைக்குப் பதிலாக ஒரு வார்த்தை வேண்டும். யோசித்துச் சொன்னேன்: "கட்டி வைக்கிறோம்." அதை மட்டும் வெள்ளைத் திரையில் போட்டாள்.

பிறகு காத்திருந்தோம். மெசின் வந்து படித்துப் போக நாளாகும் என்றாள் மகள். இதில் ஒரு சங்கடம் பாருங்கள். கல்யாணத் தட்டுக்கு என்றால் போன் அடிக்கட்டும் முருகா என்று வேண்டலாம். இந்தப் பக்கத்துக்கு அப்படி வேண்ட முடியுமா? அடித்தால் எங்கோ ஒரு வீட்டில் உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம். அடிக்காவிட்டால் மகள் போய்விடுவாள். நான் எதையும் வேண்டவில்லை. விளக்கேற்றிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் வாங்கக் கூட்டம் ஆரம்பித்த நேரத்தில் போன் அடித்தது. மகள் எடுத்தாள். நான் கல்லாவில் இருந்தபடி கேட்டேன். மற்றவர்களிடம் சொல்வது போல "வணக்கம், சொல்லுங்கண்ணே" என்று குழையவில்லை. "ம்" என்றாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாகான் டத்தோவில் பெரியப்பா தவறிவிட்டாராம், ஈப்போவில் இருக்கிற அவர் மகன் அங்கே கிளம்புமுன் இங்கே வந்து எடுத்துக்கொள்வாராம்.

"கட்டி வைக்கிறோம்ண்ணே" என்றாள். பிறகு, "பின்கதவு திறந்திருக்கும்."

வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு, அவளே போய் அலமாரியைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு அப்படிப் பல போன். முதல் நாளுக்கு வந்தவர்களே கருமாதிக்கும் வந்தார்கள், பிற்பாடு வருசம் திரும்பித் திதிக்கும் வந்தார்கள். சில பேர் பிறகு முன்வாசல் வழியாகவும் வந்து, பேத்திக்குக் காதுகுத்து என்று தட்டு கேட்டார்கள். அப்போது மட்டும் வாய் நிறைய "வாங்க" என்றேன்.

அந்த வருசத் தைப்பூசம் முடிந்து ரெண்டு நாள் கழித்து, பசியாறும்போது மெதுவாகக் கேட்டேன்.

"சிங்கப்பூர்க்காரி போன் பண்ணாளா?"

"பண்ணா." தோசையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள். "மா, பின்னாடி அந்த அலமாரி பத்தல. தச்சனக் கூப்பிட்டு இன்னொன்னு செய்யச் சொல்லணும். இதைவிடக் கொஞ்சம் உசரமா."

"உசரமா செஞ்சா எனக்கு எட்டாதே."

"எனக்கு எட்டும்" என்றாள்.

நான் இன்னொரு தோசை வைத்தேன்.